ஐந்தாம் தூணுக்கு மேலே நின்றவள்

மாதா திருநாளன்று பின்னேரம் நான்கு மணிக்கு என் மனைவி வெள்ளைச் சேலை உடுத்து, கையில் மெழுகுதிரியோடு வீட்டுப்படி இறங்கினாள். எங்கள் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பழைய பாலத்தை ஊரார் திருத்தி முடித்திருந்தார்கள். அன்றுதான் மாதாவின் சுரூபத்தை அதன் நுனிவரை தூக்கிப்போய்க் கடலை ஆசீர்வதிக்க இருந்தார்கள். தூணுக்கு ஒரு பெண்ணாக மெழுகுதிரி பிடித்து நிற்பது ஏற்பாடு. என் மனைவிக்குக் கிடைத்தது கரையிலிருந்து ஐந்தாவது தூண், வடக்குப் பக்கம்.

அந்தத் தூணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துரு தின்று முடித்து வெறுங்கோதாக விட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்து இருபத்து மூன்று நாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, இப்படிப்பட்ட ஒருவன்தான் இன்று உங்கள் முன் சாட்சி சொல்ல நிற்கிறேன். சலரோகம் மாறிற்று, விசா கிடைத்தது என்று சொல்லப்படும் சாட்சிகளைப் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டு உதட்டைப் பிதுக்கியவன் நான். உங்களில் சிலர் இன்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கலாம். அது நியாயம்.

நான் அரசாங்கத்தில் ஓவசியராக இருந்தவன். மதகுகளும் சிறு பாலங்களும் சரியாகக் கட்டப்படுகின்றனவா என்று பார்ப்பது என் உத்தியோகம். வேறொருவன் வெயிலில் நிற்க, நான் குடைக்குக் கீழே நின்று குறை எழுதினேன். யுத்தம் வந்தபோது எங்கள் ஊர்ச் சனம் வள்ளங்களில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, முகாம்களில் பிள்ளை வளர்த்தது. நான் மனைவியோடு கொழும்பில் ஒரு மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். சண்டை ஓய்ந்து எல்லோரும் திரும்பியபோது, முகாமிலிருந்து வந்தவர்களுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன். ‘வரிசைச் சனம்.’ அரிசிக்கு வரிசையில் நின்றே பழகியவர்களாம். அதைச் சொல்லிவிட்டு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

பாலம் என்று நாங்கள் சொல்வது இறங்குதுறையைத்தான். வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தூண்கள், மேலே பலகைத் தளம். யுத்தத்தில் பலகைகள் போய்விட்டன. தூண்களில் கடற்காகங்கள் இருந்தன. தளம் இல்லாததால் பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். மீள்குடியேறிய மூன்றாம் வருடம், பாலத்தைத் திருத்த ஒரு குழு அமைக்கலாம் என்று பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் மடிப்புக் கலையாத சட்டையோடு போனேன். முன்வரிசையில் கதிரை போட்டார்கள். தலைவர் பதவியும் அந்தக் கதிரையோடு வரும் என்று இருந்தேன்.

செல்வராணியைத் தெரிவுசெய்தார்கள். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் அகதி முகாமில் பதினாறு வருடம் இருந்து, தமிழ்நாட்டில் கட்டட வேலைகளுக்குச் சித்தாளாகப் போனவள். தலையில் சாந்துச்சட்டி சுமந்தவள். நான் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த மூன்று பக்க ஆலோசனையை அவளிடம் கொடுத்தேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயா, வடிவான எழுத்து. இதைத் தமிழில சொல்லுங்கோவன், எல்லாருக்கும் விளங்கும்.”

கூட்டம் சிரித்தது. அவள் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

வீட்டில் மனைவியிடம் கொதித்தேன். “சித்தாளுக்குக் கீழ ஓவசியரோ?”

“ஏன், அவ மேசனுக்குப் பக்கத்தில நிண்டு படிச்சவ. நீங்கள் குடைக்குக் கீழ நிண்டு படிச்சனீங்கள்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் முதல் அந்தக் குழுவுக்குத் தேநீர் ஊற்றப் போனாள் என் மனைவி.

நான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை என்று சொன்னாலும் தினமும் போனேன். அவர்கள் செய்த ஒவ்வொன்றிலும் குறை சொன்னேன். பலகை வளைவு என்றேன், ஆணி கட்டை என்றேன். ஒருநாள் வள்ளத்துக்குப் பூசுவதுபோலச் சுறா எண்ணெயில் தாரைக் கலந்து இரும்புத் தூண்களுக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். மட்டியும் துருவும் ஒட்டியிருக்க, சுரண்டாமல், அதன் மேலேயே பூசினார்கள். கடலோடிகள்தான் இப்படிச் செய்வார்கள். மரத்துக்குத் தெரிந்த வைத்தியத்தை இரும்புக்கும் செய்தார்கள்.

“இரும்புக்குச் சுறா எண்ணெயோ? எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சது?” என்று கத்தினேன்.

“இந்த நாத்தத்துக்குத் துருவும் கிட்ட வராது ஐயா!” என்றாள் செல்வராணி. எல்லோரும் சிரித்தார்கள். பாலத்தடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கடல் வற்றியிருந்த ஒரு காலையில், உடுத்திருந்த சாரத்தை மடித்துக்கட்டி, சிறு சுத்தியலோடு தண்ணீரில் இறங்கினேன். அவர்களுடைய பிழையைக் கையோடு பிடிக்க வேண்டும் என்பதே நோக்கம். முதல் நான்கு தூண்களும் கணீரென்றன. ஐந்தாவது தூணில், கறுத்துப் பளபளத்த பூச்சுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்தில் தட்டினேன். வெறும் தகரப்பேணியின் சத்தம். இன்னும் கீழே கைவிட்டுத் தட்டினேன். சுத்தியல் உள்ளே அமுங்கியது.

அப்போது ஒரு வள்ளத்திலிருந்து காதர் கூப்பிட்டார். யுத்தத்தில் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டுத் திரும்பிவந்தவர், கடலில் முழுகிச் சங்கு குளிப்பவர், குழுவில் ஓர் ஆள்.

“என்ன ஓவசியர் ஐயா, தூணுக்குக் காய்ச்சலோ? தட்டிப் பாக்கிறியள்?”

“ஒண்டுமில்லை,” என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என் பாவம். அதை நான் யோசித்துத்தான் சொன்னேன். சாவு வரும் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டேன். பலகை சரியும், நாலு பேர் நனைவார்கள், பிறகு என் கேற்றடியில் வந்து நிற்பார்கள் என்று கற்பனை செய்தேன். அவர்களுக்குச் சொல்லவேண்டிய பேச்சையும் தயாரித்தேன். படித்தவன் அல்லவா, நல்ல பேச்சாகவே இருந்தது. அதன் பிறகு நான் கரைக்குப் போகவில்லை. முழங்கால் நோ என்று சொல்லி, ஊன்றுதடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

திருநாள் நெருங்க நெருங்க, ஊர் முழுவதும் அந்தத் தளத்தில் ஏறப்போகிறது என்று தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. திருநாளன்று மதியம் மனைவி சொன்னாள்.

“இஞ்சருங்கோ, எனக்கு அஞ்சாந் தூண் தந்திருக்கினம். வடக்குப் பக்கம்.”

“நீர் போகாதையும். வெயிலாயிருக்கும்,” என்றேன்.

“பின்னேரத்தில என்ன வெயில்?”

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். நாற்பத்தொரு வருடம் எனக்குச் சோறு போட்டவள் அவள். அவளுடைய உயிருக்கும் என் மானத்துக்கும் நடுவே நான் விரித்துப் பிடித்தது ஒரு பழைய பத்திரிகை.

அவள் போனபின் கோவில் மணி அடித்தது. சுரூபம் வெளிக்கிட்டுவிட்டது என்று அர்த்தம். முழங்காற்படியிடப் பார்த்தேன், கால் மடியவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு செபித்தேன்.

முதலில் நான் செபித்த செபத்தைக் கேளுங்கள். “ஆண்டவரே, அந்தத் தூணைத் தாங்கிக்கொள்ளும்.” அவ்வளவுதான். ஆண்டவர் இறங்கி வந்து தண்ணீரில் நின்று என் வெட்கத்தைத் தோளில் சுமக்க வேண்டும். நான் வீட்டில் இருந்து பத்திரிகை படிக்க வேண்டும். கடவுளிடமும் நான் ஓவசியராகவே நின்றேன். அந்தச் செபம் என் தொண்டையைத் தாண்டவில்லை. பாட்டுச் சத்தம் கரையை நெருங்கியது. அப்போதுதான், என் வாழ்நாளில் முதன்முறையாக, திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் செபித்தேன்.

“ஆண்டவரே, நான் கேவலமானவன். என்ர வாயைத் திறவும்.”

கேற்றைத் திறந்தது நினைவிருக்கிறது. கரைக்கு அரைமைல் மணல். தடியை எடுக்காமல் வந்திருக்கிறேன் என்பது பாலத்தடியில்தான் தெரிந்தது. அதை அற்புதம் என்று சொல்ல வரவில்லை. பயந்த மாடும் ஓடும்.

சுரூபம் மூன்றாம் தூணைத் தாண்டியிருந்தது. எட்டுப் பேர் சுமந்தார்கள். பின்னால் பங்குச் சுவாமியாரும் சனமும். ஐந்தாம் தூணடியில் மெழுகுதிரியோடு என் மனைவி.

“நிப்பாட்டுங்கோ!”

பாட்டு நின்றது. எல்லா முகமும் திரும்பியது. நான் சொன்னேன். அஞ்சாம் தூண் பழுது என்றேன். எப்போது தட்டிப் பார்த்தேன், ஏன் சொல்லாமல் விட்டேன், என்ன ஆசைப்பட்டுக்கொண்டு இருந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். ‘வரிசைச் சனம்’ என்று சொல்லித் திரிந்ததையும் சொன்னேன். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரியும் உதவவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வராணி வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன்.

“வந்திட்டீங்கள் ஐயா,” என்றாள். “சுவாமி, பயப்பிடாதேங்கோ. அது செய்தாச்சு.”

எனக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற காதர்தான் விளங்கப்படுத்தினார்.

“ஐயா, வள்ளம் வாங்க வாறவன் தட்டித்தான் பாப்பான். பலகை நல்லதெண்டா விலையைக் குறைக்கிறதுக்கு வாய் ஓயாமக் குறை சொல்லுவான். பழுதெண்டா ஒண்டும் சொல்லாமப் போயிடுவான். நீங்கள் எங்களை ஒவ்வொரு நாளும் குறை சொன்ன ஆள். அண்டைக்கு மட்டும் ‘ஒண்டுமில்லை’ எண்டீங்கள். நீங்கள் கரையேறினவுடன நான் அந்த இடத்திலயே முழுகிப் பாத்திட்டன்.”

சனம் சிரித்தது. அன்று அந்தச் சிரிப்பு எனக்குச் சுடவில்லை.

குனிந்து தண்ணீருக்குள் பார்க்கச் சொன்னார்கள். எண்ணெய்ப் பீப்பாய்களை நெடுக்காகப் பிளந்து, தூணைச் சுற்றிப் பூட்டி, கம்பி வைத்து, உள்ளே கொங்கிறீட் இறக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு மீன்பிடித் துறைமுக வேலையில் சாந்து சுமந்தபோது பார்த்துப் பழகிய வேலை என்றாள் செல்வராணி. ஐந்தாம் தூணுக்கு மட்டுமல்ல, ஏழாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் அப்படிச் செய்திருந்தார்கள். அவையும் கோதுதானாம். ஓவசியர் சுத்தியல் அதுவரை போகவேயில்லை.

“எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“நீங்களும் சொல்லியிருக்கலாமே ஐயா,” என்றாள். பிறகு, நான் தலை குனிவதைக் கண்டு, “ஒரே நேரத்தில எத்தினை பேரை ஏத்தலாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாது,” என்றாள்.

பாதிப் பேரைக் கரையில் நிறுத்தச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் நின்றார்கள். சுரூபம் நகர்ந்தது. நான் ஐந்தாம் தூண்வரை நடந்தேன். மனைவி மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உமக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தேத்தண்ணி ஊத்தினவளுக்குத் தெரியாமல் இருக்குமோ? ரெண்டாம் நாளே தெரியும்.”

“பிறகு ஏன் இந்தத் தூணில வந்து நிண்டீர்?”

“நான்தான் கேட்டு வாங்கினனான். வேற எதில நிண்டா நீங்கள் வருவியள்?”

அவ்வளவுதான் சொன்னாள். மெழுகுதிரியை என் கையில் தந்துவிட்டு, சேலைத் தலைப்பால் என் முகத்து வேர்வையைத் துடைத்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் செபிப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தூண் நிமிர்ந்துவிட்டது. அதை நிமிர்த்தியவர்கள், நான் மனிதக் கணக்கில் வைக்காத ஒரு சித்தாளும் ஒரு சங்குகுளிகாரரும். என் கள்ள மௌனத்தையே எடுத்து அவர்களுக்கு எச்சரிக்கையாக்கிய ஆண்டவரை நான் எந்த வார்த்தையால் துதிப்பது? கேட்டது ஒன்றே ஒன்று, என் வாய். அதையும் தந்தார்.

இப்போது மாதத்தில் ஒருமுறை, கடல் வற்றும் காலையில், நானும் காதரும் இறங்கி எல்லாத் தூண்களையும் தட்டுகிறோம். கேட்பதை நான் உரத்துச் சொல்ல, செல்வராணி மேலே நின்று எழுதுகிறாள். என் மூன்று பக்க ஆலோசனையைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கம்தான் தேறியது. மிச்சம் எல்லாம் என் பெருமை.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது எங்கேயோ எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒண்டுமில்லை’ என்று சொல்லி வந்திருந்தால், ஆண்டவரைத் தூண் தாங்கக் கூப்பிடாதேயுங்கள். வாயைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு எழும்பிப் போங்கள், இண்டைக்கே. உங்களுக்காகவும் யாரோ ஒருத்தி மெழுகுதிரியோடு நின்றுகொண்டிருக்கக்கூடும்.