குருநகர்ச் சிவப்பும் உடுப்பிட்டித் தண்ணீரும்

வியாழன், பிற்பகல். யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் கையில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. ஆளுயரம். உள்ளே ஒரு தூண்டில் தடி. குருநகர் என்றேன். ஓட்டோக்காரர் துப்பாக்கியோ என்பதுபோலக் குழாயை மேலும் கீழும் பார்த்தார்.

"துவக்குக் கிவக்கு இல்லைத்தானே அக்கா?"

"தூண்டில் தடி."

"குருநகருக்குத் தூண்டில் கொண்டு போறியளோ? நல்ல கதை. ஏறுங்கோ, முந்நூறு தாங்கோ."

அவர் சிரித்ததில் பிழையில்லை. மீன்பிடிக்கிற ஊருக்குக் கொழும்பிலிருந்து தடி சுமந்து வருகிறவளைப் பார்த்து வேறென்ன செய்வார்? ஆனால் இது குருநகரிலேயே செய்த தடி. பழுதாகிப்போய்த் திரும்பி வந்திருக்கிறது.

எனக்குத் தூண்டில் பைத்தியம். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு, அலுவலக வேலை, மற்ற நேரமெல்லாம் கடற்கரைப் பாறை. முன்பொருமுறை யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் குருநகர் ஜெசிந்தாவைக் கண்டேன். அவள் கையிலிருந்த தடியைப் பார்த்தபின் என் தூண்டிலில் எது கடித்தது என்றே நான் கவனிக்கவில்லை. தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களைத் தடியோடு கட்ட நூல் சுற்றுவார்கள் அல்லவா, அந்த நூலில் வெள்ளைத் தரையில் சிவப்பு வைரங்கள் நெய்திருந்தாள். சிவப்பு அவளே சாயம் காய்ச்சி ஏற்றியது. கடைகளில் அப்படியொரு சிவப்பு கிடையாது.

கொழும்பு புறக்கோட்டையில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் நலீம் நானாவுக்கு அவளுடைய தடி ஒன்றைக் காட்டினேன். யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவர் அவர். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேற்றியபோது பள்ளிக்கூடப் பையனாகப் போனவர், பிறகு ஒரு நாளும் திரும்பி வரவில்லை. தடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை நல்ல கை. ஆனா சிவப்புக் கசிஞ்சு வெள்ளை ரோசா நிறமாப் போயிட்டுது. வெள்ளை வெள்ளையா நிண்டா கடையிலை வைக்கிறன்" என்றார். ஜெசிந்தா இரண்டாவதாக ஒன்று அனுப்பினாள். ஒரு கிழமை வெள்ளையாக இருந்துவிட்டு அதுவும் ரோசாவானது. "இன்னொண்டு பாப்பம். அதோடை சரி" என்று சொல்லிவிட்டார். கணவன் அன்ரனோடு ஆழமில்லாத கடலில் கம்பு நட்டுக் கட்டும் களங்கண்ணி வலையை நம்பி இருக்கிற வீட்டுக்கு அந்தக் கடை ஒரு பெரிய வாசல். அதனால்தான் நானே புறப்பட்டு வந்தேன்.

மாலை, குருநகரில் அவள் வீடு. ஜெசிந்தா தடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"முதல் தடியிலை எபொக்சி இளகட்டும் எண்டு ஸ்பிரிட் விட்டனான். சாயம் ஓடினதுக்கு அது காரணம், விளங்குது. இதிலை ஒரு சொட்டு விடேல்லை அக்கா. நூலைத் தண்ணி தெளியுமட்டும் அலசினனான். நிறம் காக்கிற பால் ரெண்டு தரம் மெல்லிசாப் பூசினனான். பிறகும் ஏன்?"

பால் என்று அவள் சொன்னது, பளபளப்பான எபொக்சிப் பிசின் நூலுக்குள் ஊறாமல் தடுக்க முதலில் பூசும் வெள்ளைத் திரவத்தை. தடியின் பிடிக்கு மேலே பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு தடியிலும் அப்படித்தான். செய்தவர் பெயரைக் கடைசிப் பூச்சுக்கு முன்னர் எழுத வேண்டும், பூசியபின் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. "வெள்ளை நிக்கட்டும், பிறகு எழுதுறன்" என்பது அவள் பிடிவாதம்.

தேநீர் வந்தது. நான் தேநீர் விடயத்தில் பொல்லாதவள். ஒரு வாய் குடித்தேன், என் முகம் என்னைக் கேட்காமலே கோணிவிட்டது. சீனி போட்ட கடல்.

ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "குடிதண்ணி கொண்டாற பவுசர் வண்டி இண்டைக்கு வரேல்லை அக்கா. எங்கடை கிணத்துத் தண்ணி. எங்களுக்குப் பழகீட்டுது, உப்புத் தெரியிறதேயில்லை."

சொன்னவள் சிரிப்பை நிறுத்தினாள். என் கோப்பையைப் பார்த்தாள். முற்றத்துக் கிணற்றைப் பார்த்தாள்.

"உதிலைதான் நூலையும் அலசினனான்."

அவள் கலியாணத்துக்கு முன்னர் பிளாஸ்டிக் படகு செய்யும் பட்டறையில் வேலை செய்தவள். ஈரத்தின்மேல் பிசின் பூசினால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. நூலில் ஒட்டிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே காய்ந்திராது. பூச்சுக்குக் கீழே சிவப்பு மெல்ல மெல்ல நடந்து வெள்ளைக்குப் போய்விடும். எனக்கோ அந்தத் தேநீருக்குக் கோணிய வாயால் அதற்கே நன்றி சொல்லவேண்டியதாயிற்று.

"போத்தல் தண்ணி வாங்குவமே?" என்றேன்.

"வாளி வாளியா வேணும் அக்கா. இஞ்சை காயவைச்சாக் கடல்காத்திலை திரும்பவும் உப்பு. உடுப்பிட்டியிலை என்ரை மச்சாள் இருக்கிறா. நாளைக்கு அங்கை போவம்."

வெள்ளி, காலை. அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் நான், என் மடியில் வாளி, வாளிக்குள் நூல் சிட்டங்கள், பால், எபொக்சி, தோளில் இன்னும் நூல் சுற்றாத புதுத் தடி. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். கோப்பாய் தாண்டியதும் மண் சிவந்தது. நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் வீதியோடு கூடவே வந்தன. புத்தூர்ப் பக்கம், நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று ஜெசிந்தா காற்றோடு சத்தம் போட்டுச் சொன்னாள். இந்தக் குடாநாடு முழுக்கவே அப்படித்தான், நல்ல தண்ணீர் உப்பின்மேல் மிதக்கிறது. வல்லைவெளியில் காற்று எங்களை வீதியை விட்டே தள்ளப் பார்த்தது. நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மச்சாள் மெர்சி, அன்ரனின் அக்கா, வெங்காயத் தோட்டக்காரி. வாளியை எட்டிப் பார்த்தாள்.

"கடல் முழுக்க உங்கடை, தண்ணிக்கு எங்களிட்டையோ?"

"மீன் கொண்டந்தனான் மச்சாள், வாயை மூடுங்கோ."

தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடியது. சிவப்பு நூலை அலசினோம். தண்ணீர் சிவந்தது, பிறகு வெளிறியது, பிறகு தெளிந்தது. தெளிந்தபின்னும் ஜெசிந்தா நம்பவில்லை. ஈரநூலை வெள்ளைச் சீலைத்துண்டில் சுற்றி முறுக்கி அமுக்கினாள். துண்டில் மெல்லிய கறை. திரும்பவும் அலசல். மூன்றாவது துண்டு வெள்ளையாகவே வந்தபோது மூவரும் சத்தம் போட்டுவிட்டோம். மாமரத்து நிழலில் நூலைக் காயப்போட்டோம். வெயிலும் கூடாது, முடி உலர்த்தும் இயந்திரமும் கூடாது, அவசரம் சாயத்தை எழுப்பிவிடும் என்றாள் ஜெசிந்தா.

மெர்சியின் தேநீர் அற்புதம். இரண்டு கோப்பை குடித்தேன்.

"சரிவந்தால் என்ரை கிணத்தின்ரை பேரையும் தடியிலை போடவேணும்" என்றாள் மெர்சி.

"கிணத்துக்கென்ன பேர்? போட்டாப் போச்சு" என்றாள் ஜெசிந்தா.

அன்று நூல் சுற்றி, பாலும் மெர்சி வீட்டிலேயே பூசினாள். மெல்லிய பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் இன்னொன்று. நாங்களும் அங்கேயே தங்கினோம்.

சனி. காலையில் முதல் எபொக்சி. அது வழிந்துவிடாமல் அவள் தடியை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தாள், நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த ஜெசிந்தா தடியை முற்றத்துக்கு எடுத்துப் போனாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு வைரங்களின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நின்றது. "ஒரு கிழமை பாத்தாத்தான் நிச்சயம்" என்று சொன்னாள், ஆனால் கை பேனையைத் தேடியது. எங்களைத் திரும்பிநிற்கச் சொல்லிவிட்டு எழுதினாள். பிறகு கடைசிப் பூச்சு.

நான் விடுப்பை நீட்டினேன். ஒரு கிழமை முழுக்கத் தடி குருநகர்க் கடல்காற்றில் தொங்கியது. ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக அதைப் பார்த்தோம். நிறம் அசையவில்லை. கடைசி நாள் ஜெசிந்தா தடியைக் குழாய்க்குள் போட்டு மூடித் தந்தாள். ரயிலில் ஒரு விடயம் நினைத்துக்கொண்டு வந்தேன்: வெள்ளவத்தையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, எங்கிருந்து என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

திங்கள், புறக்கோட்டை. நலீம் நானா தடியைக் கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடி, அதற்குமேல் ஒரு பூதக்கண்ணாடி. வெள்ளையில் நகத்தை ஓட்டினார். பிறகு பெயரை வாசித்தார்.

"ஜெசிந்தா, குருநகர்." பூதக்கண்ணாடியை இறக்கினார். "எங்கடை வீட்டுக் கிணறும் அதே உப்புத்தான் தங்கச்சி. உம்மா தோய்ச்ச வெள்ளைச் சட்டை ஒண்டும் வெள்ளையா இருந்ததில்லை. அந்தத் தண்ணியிலை இது எப்பிடி?"

பெயருக்குக் கீழே எறும்பளவில் எழுதியிருந்ததை நான் விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனார்.

"நூல் அலசினது உடுப்பிட்டித் தண்ணியிலை."

நலீம் நானா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

"இன்னும் ஆறு தடி செய்யச் சொல்லுங்கோ. எழுத்து உப்பிடியே இருக்கவேணும்."

இந்தத் தடியை அவர் மற்றத் தடிகளோடு வைக்கவில்லை. விலைச்சீட்டு ஒட்டாமல், தான் உட்காரும் கதிரைக்குப் பின்னால் சாத்தி வைத்துக்கொண்டார்.