சவுனாவில் நீர்மாலை

பின்லாந்தில், உறைந்த ஏரிக்கரையில் ஒரு மரக்குடில். அதுதான் சவுனா, இந்த ஊர் நீராவிக் குளியலறை. உள்ளே நானும் செந்திலும் துண்டோடு வெந்துகொண்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் அவனியாபுரத்தில் செருப்பில்லாமல் கிரிக்கெட் ஆடியவன் நான். இங்கே மூக்குக்குள் தீப்பிடிக்கிறது. கெத்தெல்லாம் காலி. ஆனால் சிரிக்க முடியவில்லை. இன்று காலை ஊரில் செந்திலின் அப்பா இறந்துவிட்டார். எந்த ஃபிளைட் பிடித்தாலும் உடலை எடுப்பதற்குள் போய்ச் சேர முடியாது. தலை முழுகியாக வேண்டுமென்று அவன்தான் இங்கே இழுத்து வந்தான்.

“இந்நேரம் நீர்மாலைக்குக் கெளம்பிருப்பாய்ங்க மாப்ள. அப்பாவக் குளிப்பாட்டுற தண்ணிய மகன்தானடா எடுத்தாரணும்? சித்தப்பா மகன் எடுக்குறானாம்.”

என்னவென்று கேட்கிறார் எங்களோடு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் மிக்கோ. இங்கிலீஷில் சொல்கிறேன். உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து அவர் எழுந்துவிடுகிறார்.

“முன்னாடியெல்லாம் நாங்களும் செத்தவங்கள சவுனாவுலதான் குளிப்பாட்டுவோம். எங்க தாத்தாவ இந்தப் பலகைலதான் குளிப்பாட்டுனாங்க.”

செந்தில் வாளியோடு வெறுங்காலில் பனியில் இறங்கி, ஐஸில் வெட்டிய குழியில் தண்ணீர் மொண்டு வருகிறான். காலிப் பலகையில் ஊற்றப் போனவன் நின்றுவிடுகிறான்.

“அப்பாவுக்குப் பச்சத்தண்ணி ஆகாதுடா.”

மிக்கோவிடம் சொல்கிறேன். அடுப்போரத் தொட்டியிலிருந்து வெந்நீர் மொண்டு வாளியில் கலக்கிறார். செந்தில் விரலை விட்டுச் சூடு பார்க்கிறான்.