போப்பாண்டவர் வீட்டில் லூத்தருக்குச் சாப்பாடு

போன மாதம் எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த வருஷத் திருவிழாவில் 'திருச்சபை வரலாறு' எல்.ஈ.டி. திரையில் ஒலி-ஒளிக் காட்சியாக ஓடுமாம். அனைவரும் நாற்காலியில் அமர்ந்து ரசிக்கலாமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து ரசிக்கிற சமாச்சாரமா அது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த இரண்டாயிரம் வருஷத்தையும் திண்டுக்கல்லில் நாங்களே நடித்துத் தீர்த்தோம். கிறிஸ்தவர்களைத் துரத்திய சவுல், குதிரையிலிருந்து விழுந்து பவுலாக எழ வேண்டும். அதற்கு ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று வரும். சவுலாக நடித்த தக்காளி மண்டி அண்ணனோ, ஒளி பாய்ந்தாலும் இடி இடித்தாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழவே மாட்டார். கடைசியில் வண்டிக்காரர் கைகொடுத்து இறக்கிவிட்ட பிறகுதான் மனம் திரும்பினார்.

கான்ஸ்டன்டைன் மன்னன் வானத்தில் காணும் சிலுவை, வேப்பமரத்தில் கட்டிய சீரியல் பல்பு. அதில் குறுக்குக் கட்டை எரியாது. மன்னர் அசரவில்லை, நெட்டுக் கட்டையை மட்டும் பார்த்தே வேதத்துக்கு வந்துவிட்டார். விசுவாசம் என்றால் அப்படி இருக்க வேண்டும். நிசேயா சங்கத்தில் கூடிய ஆயர்களுக்கு, அதாவது பிஷப்புகளுக்கு, தாடி பற்றாது. பேச எழுகிறவர் மாட்டிக்கொள்வார், பேசி முடித்ததும் கழற்றி அடுத்த ஆயரிடம் கொடுப்பார்.

இதற்கெல்லாம் என் அப்பாதான் நாடக வாத்தியார். தோல் ஷாப்பில் மேஸ்திரி. மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். தவக்காலப் பாடுகளின் நாடகத்தில், இயேசுவுக்கு மரண தண்டனை விதிக்கும் பிலாத்து வேடம் அவருக்கு என்று எழுதாத சட்டம். இன்னொரு எழுதாத சட்டமும் எங்கள் பங்கில் இருந்தது. ஒத்திகை நாட்களில், மேடையில் யார் யாரைத் தண்டிக்கிறாரோ அவர் வீட்டில்தான் தண்டிக்கப்படுகிறவருக்குச் சாப்பாடு. மேடைப் பகை மேடையோடு போக வேண்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு. அதனால் வருஷா வருஷம் இயேசுநாதர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

வரலாற்று நாடகத்தில் அப்பாவுக்குப் போப்பாண்டவர் வேடம். லூத்தருக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. திருச்சபையை எதிர்த்துப் பேசிவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு பூசையில் நன்மை வாங்குவது என்று எங்கள் ஆர்.சி. பையன்கள் எல்லாரும் நழுவினார்கள். பங்குச் சாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, புராட்டஸ்டண்டு கோயிலிலேயே ஓர் ஆளைக் கேட்டு வாங்கி வந்தார். வந்தவர் ஜெபராஜ்.

அடப்பாவமே! பக்கத்து ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர், ஜெபராஜ் வரலாறு. ஒரே டவுன் பஸ்ஸில் போய்வந்து, கட்டினால் அவரைத்தான் என்று நான் வீட்டில் சொல்லி, "புராட்டஸ்டண்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன், அம்புட்டுத்தேன்" என்று அப்பா முடித்து ஆறாத புண்ணாக இருந்த நேரம் அது. சாமியாருக்கு இது தெரியாது. அப்பாவுக்கோ வழக்கத்தை மீற மனசில்லை. போப்பாண்டவர் வீட்டில் லூத்தருக்குச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும்.

அப்பா ஒரு சூழ்ச்சி செய்தார். தன் காட்சியின் ஒத்திகைக்கு வெள்ளிக்கிழமைகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஒத்திகை நடந்தது தவக்காலத்தில், தவக்கால வெள்ளியில் எங்கள் வீட்டில் கறி, மீன் எதுவும் கிடையாது. புளிக்குழம்பும் அவரைக்காய் வெஞ்சனமும் தின்று வெறுத்து ஓடட்டும் என்று கணக்கு. அம்மா அந்தப் புளிக்குழம்பை அப்படி வைத்தாள்! எனக்குக்கூட அவள் அப்படி வைத்துக் கொடுத்ததில்லை.

ஒத்திகை முடிந்ததும் ஜெபராஜ் வாசலில் நின்று, "வாரேங்க" என்பார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாப்டுட்டுப் போ" என்பார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான். நான் அடுப்படியிலிருந்து அந்த இரண்டு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன். நாடகம் முடிந்தால் இதுவும் முடிந்துவிடுமே என்று மிச்ச வெள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

உண்மையில் லூத்தரும் போப்பும் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை என்று சாமியார் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அப்பா விடவில்லை. "பாத்துக்கிடாததாலதான சாமி இம்புட்டுச் சண்டை? மேடையிலயாவது பாக்கட்டும்."

திருவிழா சாயங்காலம் மைதானம் நிரம்பி வழிந்தது. புராட்டஸ்டண்டுக்காரர்களும் தங்கள் லூத்தரைப் பார்க்க வந்து வேப்பமரத்தடியில் தனியாக நின்றார்கள். ஜெபராஜ் தன் கண்டனத் தாளை அட்டைக் கதவில் ஆணி அடித்தார், கைதட்டல் பறந்தது. அப்பா எழுந்தார். தலையில் ஜிகினா ஒட்டிய தொப்பி, உடம்பில் அம்மாவின் சிவப்புப் பட்டு. "இக்கணமே நீ திருச்சபையை விட்டு வெளியேறு!" மைக்செட் அதிர்ந்தது. என்னைத்தான் வெளியே தள்ளுகிறார் என்று தோன்றியது.

ஜெபராஜ் தலைகுனிந்து திரும்பி நாலடி நடந்தார். அந்த முதுகைப் பார்த்த அப்பாவின் வாய், பழகின வாய், சும்மா இருக்குமா?

"சாப்டுட்டுப் போ."

லூத்தரும் யோசிக்கவில்லை. "சரிங்க மாமா."

இரண்டும் மைக்கில் விழுந்தன. மைதானமே குலுங்கிச் சிரித்தது. வேப்பமரத்தடிக் கூட்டம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்து எங்கள் ஆட்களோடு கலந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போப்பாண்டவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

வழக்கப்படி கடைசிச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். அப்பா வெகுநேரம் இலையைப் பார்த்தே சாப்பிட்டார். பிறகு, "ஏலே, உங்க வீட்டுப் பெரியவுகளை வந்து பேசச் சொல்லு. ஊரே கேட்டுருச்சு, இனி நான் என்னத்தச் சொல்ல" என்றார். நான் அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அப்பா இப்போது இல்லை. ஜட்காக் குதிரை இல்லை, கைமாறும் தாடி இல்லை. ஆர்.சி., புராட்டஸ்டண்டு கல்யாணத்துக்கு இன்று யாரும் புருவம்கூட உயர்த்துவதில்லை, அதுவரைக்கும் நல்லது. நேற்று நாங்கள் இருவரும் அந்த ஒலி-ஒளிக் காட்சிக்குப் போயிருந்தோம். அருமையான படம். சவுல் சரியான நேரத்தில் விழுந்தார், சிலுவை முழுசாக எரிந்தது. திரையில் போப்பாண்டவர் கணீரென்று ஆணையிட, லூத்தர் பேசாமல் நடந்து இருட்டுக்குள் போனார்.

பக்கத்து நாற்காலியில் ஜெபராஜ் என் பக்கம் சாய்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

"பாவம், பட்டினியாவே போறாரு."