சித்திக்கு நான் எடுத்த இங்கிலீஷ் பாடம்

மதுரையில் பரீட்சைப் பேப்பர் திருத்திய யாரோ ஒருவர்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. முகம் தெரியாத அந்த ஆள்தான் என் சித்தியை இங்கிலீஷில் பெயிலாக்கினார். சித்திக்குப் பாடம் எடுத்ததோ நான். நான் எடுத்த பாடத்தில் ஒருத்தி பெயிலாவதாவது!

அப்போது நான் கொடைக்கானலில் ஆறாவது படித்தேன். அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையல்காரர். அந்தச் சலுகையில் எனக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அம்மாவின் ஊர் மன்னவனூர். அங்கிருந்து அம்மாவின் தங்கையான சித்தியைத் தாத்தா எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பத்தாவதில் எல்லாப் பாடமும் தேறி இங்கிலீஷில் மட்டும் கவிழ்ந்திருந்தாள். அவளை டீச்சராக்கிப் பார்க்காமல் தாத்தா ஓயமாட்டார். விட்டுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று ஒரு மிரட்டலும் போட்டார்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னு வையி, அந்தக் கிளாவரைக்காரனுக்கே கட்டிக் குடுத்துருவேன். பூண்டுக் காட்டுல களை புடுங்கிக்கிட்டுக் கெட."

கிளாவரை என்பது பஸ் போய்த் திரும்புகிற கடைசி இடம். அதற்கப்பால் காடுதான். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்தக் கிளாவரைக்காரர் போன வருஷமே சித்தியைப் பெண் கேட்டு, ஏழாவது தாண்டாத பயலுக்கா என்று தாத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அண்ணன்மாரின் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு லாரி ஓட்டி வருவார். வெயிலானாலும் பனியானாலும் கழுத்தில் ஒரு பச்சை மஃப்ளர். போகிற வழியில் எங்கள் வாசலில் ஒரு பை பூண்டை வைத்துவிட்டு, அம்மாவிடம் "வாரேங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். "ஆள் எப்படியோ, பூண்டு நல்ல பூண்டு" என்பார் அப்பா.

சித்தியைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்ததாக நானே எடுத்துக்கொண்டேன். அவள் போய்விட்டால் கொடைக்கானல் குளிரில் யாருடைய கம்பளிக்குள் நான் தூங்குவது?

அவளுக்குத் தகராறு பிரிப்பொசிஷன் பகுதியில். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே இடத்தில்தான் தகராறு. கட்டிலுக்கு அடியில் என்று நாம் கட்டிலை முதலில் சொல்கிறோம். இங்கிலீஷ்காரனோ அண்டர் தி காட் என்று அடியை முதலில் சொல்லிவிட்டுக் கட்டிலைத் தேடுகிறான். பஸ்ஸில் போனால் ஆன், காரில் போனால் இன். ஏன் என்று கேட்டதற்கு, அது அப்படித்தான் என்றார் எங்கள் சிஸ்டர். அதையே நானும் சித்தியிடம் அதட்டலாகச் சொல்லி வைத்தேன்.

"வாக்கியத்துக்குள்ள 'அண்டர் தி காட்' மாதிரி சேந்து வர்ற வார்த்தைக் கட்டைக் கண்டுபிடிச்சு அடிக்கோடு போடணும் சித்தி. அவ்வளவுதான் சோலி."

சித்தி வெரசாகப் பிடித்துக்கொண்டாள். நான் பூனையைக் கட்டிலுக்கு அடியில் போட்டால் அவள் அடிக்கோடு போட்டாள். சொந்தமாக வாக்கியம் சொல் என்றால் கொஞ்சம் யோசிப்பாள். பிறகு, தி கார்லிக் இஸ் இன் தி லாரி என்பாள். தி லாரி இஸ் நியர் தி மார்க்கெட் என்பாள். எல்லாம் சரியாகவே இருந்தன. கிளாவரையை நினைத்து இவ்வளவு பயந்து கிடக்கிறாளே, வாயைத் திறந்தால் லாரிதான் வருகிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு கட்டு, எந்த ஆள் என்றும் காட்டும் என்று சிஸ்டர் நடத்தினார். எனக்கு மண்டை குழம்பியது. எங்கே என்று காட்டும், எப்போது என்று காட்டும், சரி. ஆளை எப்படிக் காட்டும்? சித்தியிடம் புலம்பினேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "தி மேன் வித் தி மஃப்ளர். சந்தையில எம்புட்டுப் பேரு நின்னாலும் எந்த ஆளுன்னு தெரிஞ்சுருதுல்ல?"

அதையே நான் பரீட்சையில் எழுதி, சிஸ்டரிடம் 'குட்' வாங்கினேன்.

சித்தி பரீட்சை எழுதிய அன்று எனக்கு லீவு. அவளுடைய ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசல் கேட்டில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை தொடங்கி அரைமணி நேரம் ஆகாமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். அந்த மணி அடித்ததும் வெளியே வந்த முதல் ஆள் சித்திதான். அவ்வளவு வேகமாக எழுதி முடித்துவிட்டாளே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வழி நெடுக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

ரிசல்ட் வந்த பேப்பரில் அவள் நம்பர் இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். சித்தி தாவணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. "அழுகட்டும், விடுங்க" என்றாள் அம்மா. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய்த் தாவணியை விலக்கிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது, கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. அழுது அழுது கண்ணீரே வற்றிவிட்டதாக்கும் என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நானே அழுதேன்.

தாத்தா சொன்னால் சொன்னதுதான். மிரட்டியதை நிறைவேற்றாவிட்டால் ஊரில் தலைநிமிர முடியாது என்று, தை மாதமே கல்யாணத்தை முடித்துவிட்டார்.

மன்னவனூரிலிருந்து கிளாவரைக்கு லாரியிலேயே கிளம்பினார்கள். மாப்பிள்ளை பட்டுச் சட்டைக்கு மேல் பச்சை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பக்கத்தில் சித்தி. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன்.

"சித்தி, நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா?"

அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "கிறுக்குப் புள்ள. ஒரு வாக்கியம் சொல்றேன், எத்தனை கட்டு இருக்குன்னு சொல்லு பாப்போம். ஐ ஆம் இன் தி லாரி நியர் தி மேன் வித் தி மஃப்ளர்."

அழுகையோடு விரல் விட்டேன். "மூணு."

"கரெக்ட்டு" என்று சிரித்தாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை; அவரும் சிரித்தார். லாரி நகர்ந்தது.

இவ்வளவு சரியாகச் சொல்கிறவளைப் போய்ப் பெயிலாக்கியிருக்கிறானே பாவி என்று, அங்கேயே நின்று மதுரைப் பக்கம் திரும்பி வாய்க்கு வந்தபடி திட்டினேன். மதுரை அந்தப் பக்கம்தானா என்பதும் எனக்குத் தெரியாது.