உள்ளே அப்பா கிடையாது

அந்தப் பள்ளிக்கூடம் முதலில் குதிரைகளுக்காகக் கட்டப்பட்டது. பட்டாளத்துக் குதிரைகள். அவை போன பிறகு அதே லாயத்தில் கட்டில் போட்டுப் பையன்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. குதிரைகளுக்குக் கணக்குப் பாடம் கிடையாது, அவ்வளவுதான். விசில் ஊதினால் எழுந்திருக்க வேண்டும், விசில் ஊதினால் தின்ன வேண்டும், விசில் ஊதினால் தூங்க வேண்டும். பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நம்பரை மாட்டிக்கொள்ள வேண்டும். இப்படி வளர்ந்தவர்களில் சிலர் பெரிய அதிகாரிகள் ஆனார்கள். அவர்கள் படம் சுவரில் தொங்கியது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சுவருக்குத் தெரியாது.

கடைசியில் கூரை ஒழுகி, பையன்கள் குறைந்து, மேலிடத்தில் மூடச் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச காலம் வௌவால்கள் பரேடு நடத்தின. பிறகு ஒரு ஓட்டல்காரர் வாங்கினார். பரேடு மைதானம் நீச்சல் குளமானது. தண்டனை அறையில் இப்போது மசாஜ் செய்கிறார்கள். அப்போதும் உள்ளே போனவர்கள் முனகினார்கள், இப்போதும் முனகுகிறார்கள்.

அந்தப் பள்ளியின் முடிவெட்டுக்காரரை எல்லாரும் ஜீரோ என்றுதான் கூப்பிட்டார்கள். குதிரைக்கு லாடம் அடித்த அறைதான் அவர் கடை. ஒரு நாற்காலி, ரசம் போன கண்ணாடி, ஒரு கைமெஷின். யார் உட்கார்ந்தாலும் ஜீரோ கட்டிங். ஆளாளுக்கு ஒரு பதவி இருந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த பதவி அது.

அவர் கடையில் ஒரே ஒரு சட்டம்தான்: நாற்காலியில் பேசக்கூடாது. பேசினால் தாடை ஆடும், தாடை ஆடினால் காதோரம் கீறும். எவனாவது வாயைத் திறந்தால் பின்னந்தலையில் இரண்டு விரலை வைத்து அழுத்துவார். "தலையைக் குனி." கோபமெல்லாம் இல்லை. நாளாக நாளாக, வாய் சொல்வதற்கு முன்பே விரல் அழுத்திவிடும்.

அவருக்கு ஒரே பையன். கமாண்டன்ட்டின் காதில் முளைத்திருந்த முடியை வலிக்காமல் எடுத்துவிட்ட ஒரு நல்ல வேளையில், ஜீரோ துணிந்து கேட்டார்.

"ஐயா, என் பையனையும் இங்க சேர்த்துக்கணும்."

கமாண்டன்ட் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார். "சேர்க்கலாம். ஆனா, முடிவெட்டுறவன் பையன்னு தெரிஞ்சா மத்தவனுங்க அவனைப் பிச்சுத் தின்னுடுவானுங்க. கேட்டுக்கு உள்ளே நீ அப்பா கிடையாது, அவன் உன் புள்ள கிடையாது. சம்மதமா?"

"சம்மதம் ஐயா," என்றார் ஜீரோ யோசிக்காமல். யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. பையனை ஸ்டூலில் உட்கார வைத்துக் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டினார்.

"நான் யாரு?"

"அப்பா."

"டேய்!"

"பார்பர்."

"சத்தமா சொல்லு."

"பார்பர்!"

அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா கத்துக்குடுங்க. நாளைக்கு வீட்டுக்கு வந்தும் இப்படியே கூப்பிடப் போறான்." சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சேர்ந்த அன்றைக்குப் புதுப் பையன்கள் லாயத்தின் முன் வரிசையில் நின்றார்கள். அவன் முறை வந்தது. காலையில்தான் அம்மா எண்ணெய் வைத்து வகிடு எடுத்து வாரிவிட்டிருந்தாள். மெஷின் அந்த வகிட்டிலேயே ஏறியது. பையனின் உதடு துடித்தது. வாய் திறந்தது. ஜீரோவின் விரல் முந்திக்கொண்டது.

"தலையைக் குனி."

குனிந்தான். முடி மடியில் விழுந்தது. பின்னால் நின்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பையன் தப்பித்துவிட்டான் என்று அன்றைக்கு ஜீரோவுக்கு ஒரே பெருமை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்தான் வாழ்க்கை. மற்ற தலைகளை ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பதுபோலக் கத்தரித்துத் தள்ளுவார். அந்த ஒரு தலை வந்தால் மட்டும் மெஷினுக்குக் கால் வலிக்கும், மெதுவாக நடக்கும். காதுக்குப் பின்னால் புடைத்திருந்தால் யாரோ அடித்திருக்கிறார்கள். கழுத்து சுட்டால் காய்ச்சல். வாயால் கேட்க வழியில்லாததை எல்லாம் விரலால் கேட்டுக்கொள்வார். ராத்திரி மனைவியிடம் போய், "இளைச்சிருக்கான்," என்பார். "தலை எப்படிங்க இளைக்கும்?" என்பாள் அவள்.

ஒருநாள் டிரில் மாஸ்டர் வந்து வாசலில் நின்றார்.

"யோவ் ஜீரோ, உன்மேல ஒருத்தன் கம்ப்ளைன்ட் பண்ணியிருக்கான்யா. அவனை மட்டும் ரொம்ப நேரம் உட்கார வெக்கிறியாம். தலையைத் தலையைத் தடவுறியாம். பசங்க கேலி பண்றானுங்களாம்."

"எந்தப் பையன் சார்?"

கேட்டிருக்க வேண்டாம். டிரில் மாஸ்டர் நம்பரைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தத் தலைக்கும் ஆட்டு ரோமக் கணக்குத்தான்.

முதல் லீவில் கேட்டைத் தாண்டியதுமே "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவன், அடுத்த லீவில் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னான். அதற்கப்புறம் சொல்லவே இல்லை. "சாப்பாடு ஆச்சா?", "பேப்பர் எங்க?", "கிளம்புறேன்." அந்த ஒரு வார்த்தை இல்லாமலே குடும்பம் நடத்த முடிந்தது. படிப்பு முடிந்து, அவன் தோளில் நட்சத்திரம் குத்திய விழாவுக்கு ஜீரோவும் மனைவியும் இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு போனார்கள். கூட இருந்த அதிகாரிகளிடம் அவன், "ஸ்கூல்ல இருந்து வந்திருக்காங்க," என்று பொதுவாகக் கை காட்டினான். மனைவி சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஜீரோவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பள்ளி மூடிய பிறகு அந்தக் கேட்டுக்கு எதிரிலேயே, சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், ஜீரோ தனிக்கடை போட்டார். அங்கேதான் ஓட்டல் மேனேஜர் தேடிவந்தார்.

"தாத்தா, பழைய ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் ஒண்ணு கூடுறாங்க. லாயத்துல உங்க நாற்காலியையே பாலிஷ் போட்டு வெச்சிருக்கோம். ஆளுக்கு ரெண்டு இழுப்பு மெஷினை ஓட்டுங்க, போட்டோவுக்கு. சீஃப் கெஸ்ட் யார் தெரியுமா?"

யார் என்று மேனேஜர் சொன்னார். ஜீரோ கையிலிருந்த சீப்பை ஊதி ஊதித் துடைத்தார்.

மேனேஜர் போனதும் சைக்கிள் கடைக்காரர் டயரை விட்டுவிட்டு வந்தார். விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் அவர்.

"யோவ், உன் புள்ளதானே வர்றான்?"

"இப்ப ஸ்கூலும் இல்ல, ரூலும் இல்ல. எல்லார் முன்னாடியும் கூப்பிடுவான் பாரு."

"கூப்பிடலேன்னா?"

"கூப்பிடுவான்யா. ஒரு தடவை, அந்தக் கேட்டுக்கு உள்ளே. காது குளிரக் கேட்டுட்டு வந்துடுறேன், போதும்."

"புதுச் சட்டை எடு. வர்றது சீஃப் கெஸ்ட்."

எடுத்தார்.

விழாவில் பழைய பையன்கள் தொப்பையும் வழுக்கையுமாக வந்து சேர்ந்தார்கள். "ஜீரோ, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று கட்டிப் பிடித்தார்கள். "வெட்டுறதுக்கு ஒண்ணுமில்ல, சும்மா தொடைச்சு விடு," என்று வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள். கேமரா பளிச் பளிச்சென்று வெட்டியது. ஜீரோ சிரித்துக்கொண்டே மெஷினை ஓட்டினார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

அவன் வந்தான். அவன் தலையும் நரைத்திருந்தது. எல்லாரும் விலகி வழிவிட, வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஜீரோ வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். மெஷினை வைத்ததும் கை தன் வழியைத் தானே பிடித்துக்கொண்டது. காதோரம், பிடரி. பாதியில் அவன் கண்ணாடியில் அவரை நிமிர்ந்து பார்த்தான். சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள். வாயைத் திறந்தான்.

"அப்..."

இரண்டு விரல் பின்னந்தலையை அழுத்தியது.

"தலையைக் குனி."

குனிந்தான். அதே பழைய குனிவு. சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "ஜீரோ மாறவே இல்லடா!" என்று யாரோ கத்தினார்கள். ஜீரோ தன் விரலைப் பார்த்தார். வேறு யாருடைய விரலோ போல அது இன்னும் அங்கேயே இருந்தது. தலை மறுபடி நிமிரட்டும் என்று மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நிமிரவில்லை. மேனேஜர் வந்து, "சார், மேடைக்கு நேரமாச்சு," என்றார். அவனே துணியை அவிழ்த்து, மடித்து, நாற்காலிக் கையில் போட்டுவிட்டு எழுந்து போனான்.

மேடையில் பள்ளியின் சரித்திரத்தை அழகாகச் சொன்னான். குதிரைகள், கமாண்டன்ட்டுகள், வென்ற கோப்பைகள். நடுவில் ஒரு வேடிக்கை: "எங்க பார்பர் ஜீரோ, எல்லாரையும் சட்டுனு விட்டுடுவாரு. என்னை மட்டும் விடவே மாட்டாரு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி வரிசையில் நின்ற ஜீரோவும் சிரித்தார். புதுச் சட்டையோடு ஒருவர் தனியாகச் சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது.

கேட்டுக்கு வெளியே சைக்கிள் கடைக்காரர் காத்திருந்தார்.

"கூப்பிட்டானா?"

"கூப்பிட வந்தான்."

"நீ என்ன சொன்ன?"

ஜீரோ கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்.

"தலையைக் குனின்னு சொன்னேன்யா."

ஊர் வாயையே அடைக்கிற சைக்கிள் கடைக்காரர் தன் கடைக்குத் திரும்பினார். பாதியில் விட்டிருந்த டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.