முடிச்சூரிலிருந்து பெரும்பாக்கத்துக்கு, ஒழுகும் ஸ்டியரிங்கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முடிச்சூரில் கிளம்பினோம். பெரும்பாக்கத்தில் சின்ன மகள் வீடு. இருபது கிலோமீட்டர் இருக்கும். இதைப் போய் பயணம் என்று எழுதுகிறாளே என்று நினைப்பவர்கள், எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போய் வரட்டும்.

வண்டியை எடுத்ததும் பார்த்தேன். அது நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில், ஆப்பம் அளவுக்குச் சிவப்பு எண்ணெய். முந்தின வாரம் இட்லி அளவுதான் இருந்தது.

யாரோ ஓட்டிக் கழித்த கார்தான், ஆனால் பவர் ஸ்டியரிங் வைத்தது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது கிடையாது. ஏசிக்காக வாங்கினேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். ரயில்வேயில் வேலை பார்த்தபோது ஏணியிலிருந்து விழுந்ததில் அவருடைய இடது கைக்கு வலு போய்விட்டது. சாதாரண ஸ்டியரிங்கை அவரால் வளைக்க முடியாது. அதற்காகத்தான் வாங்கினார். எனக்கு அது தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரும் ஏசியைப் பற்றித்தான் பேசிக்கொள்வோம்.

ஏழு மணி. தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, வண்டி ஒழுகுது என்றார். ரொம்ப நாளாக அது அப்படித்தான் தம்பி, வயசாகிவிட்டது என்றேன். வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நான் வண்டியைத்தான் சொன்னேன்.

கேட்டைத் தாண்டி வேளச்சேரி ரோட்டில் திரும்பும்போது வண்டி பன்றிக்குட்டி மாதிரிக் கத்தியது. ஸ்டியரிங் இறுகிப்போச்சு. வலது கையால் இழுக்கிறார், உடம்பையே சாய்த்து இழுக்கிறார், எதிரே ஒரு பஸ் வருகிறது. எப்படியோ தப்பித்தோம். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. "ஏசி பத்தலையா?" என்று கேட்டேன்.

ஏழே முக்கால். கேம்ப் ரோட்டில் பாஷா பாயின் ஷெட். பாய் எங்களுக்குப் பழக்கம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, ஒரு ரப்பர் உறையைக் கழற்றினார். உள்ளேயிருந்து அரை டம்ளர் எண்ணெய் கொட்டியது. ஸ்டியரிங் ராக் என்கிற நீளக் குழாய்க்குள் சீல் போய்விட்டதாம். சீல் மட்டும் மாற்றினால் ஆயிரத்து இருநூறு. ஆனால் உள்ளே ஓடும் தண்டைப் பார்க்கணும் என்று துணியால் துடைத்து, என்னைக் கூப்பிட்டு நகத்தால் தடவச் சொன்னார். பாய்க்கு நகமே இல்லை, கடித்தே தின்றுவிட்டார். குனிந்து தடவினேன். ஒரு ஓரத்தில் நகம் மாட்டியது. துரு அரித்த குழி. சோற்றில் கல் மாட்டின மாதிரி இருந்தது. புது சீல் போட்டாலும் அந்தக் குழி ரெண்டு மாதத்தில் கிழித்துவிடும் என்றார் பாய். புது ராக் பதினெட்டாயிரம், வர ஒரு மாதம். புதுப்பேட்டை காயலான் கடைகளில் நல்ல பழசு பார்த்து வாங்கினால் நாலாயிரம்.

"இல்லன்னா ஒண்ணு பண்லாம் சார்," என்றார் பாய். "பவரையே புடுங்கிட்டு பைப்ப சேத்து வுட்டுடறேன். சல்லிசா முடிஞ்சிடும். லாரி ஓட்றவன்லாம் பவரா வச்சிகினு கீறான்?"

"புடுங்கிடு பாய்," என்றார் வீட்டுக்காரர். உடனே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பவரைப் பிடுங்கினால் அவர் கார் ஓட்டுவதும் அன்றோடு முடிந்தது. பாயிடம் கையைப் பற்றிச் சொல்வதைவிட அதுவே பரவாயில்லை என்று நினைத்திருப்பார் போல. நானும் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் மூன்று மாதம் என்னோடு பேசமாட்டார்.

"புடுங்காத பாய்," என்றேன். "நான் வண்டி ஓட்டக் கத்துக்கலாம்னு கீறேன். எனக்கு பவர் வோணும்."

பாய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நீங்களாம்மா?"

"இன்னா, நான் ஓட்டக்கூடாதா? நகம் பாக்க மட்டும் நான் வோணுமா?"

வீட்டுக்காரர் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு, நல்ல பழசாகப் பார்த்து மொத்தமாக மாற்றிவிடச் சொன்னார். மாட்டுவதற்கு முன்னால் அதையும் நகத்தால் தடவிப் பார்க்கணும், நகம் இருக்கிற ஆளாகக் கூட்டிப் போ என்று நானும் சொல்லிவைத்தேன்.

எட்டரைக்கு பஸ் ஏறினோம். மேடவாக்கத்தில் இறங்கி இன்னொரு பஸ். பெரும்பாக்கம் அப்போது வயலும் ஏரியும்தான். மகள் வீட்டு மாடியில் நின்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மூன்று நாள் இருந்தோம். கொசு மட்டும் முடிச்சூரைவிடப் பெரிசு.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஷெட்டில் வண்டியை எடுத்தோம். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. அவர் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். முடிச்சூர் வந்ததும், மனை பிரித்துக் கல் நட்ட காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்கு. அந்தாண்ட போய் ஒக்காரு."

"எதுக்குங்க?"

"பாயாண்ட சொன்ன இல்ல? அவன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் சிரிக்கவே இல்லை. ஓட்டினேன். யாரோ ஒருவருடைய எல்லைக் கல் சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, மிச்ச தூரத்தை அவரே ஓட்டினார்.

தெரு முனையில் பக்கத்து வீட்டு சார் நின்றிருந்தார். வண்டிக்கு என்ன ஆச்சு, ரொம்பச் செலவா என்று விசாரித்தார். வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "இவ ஓட்டக் கத்துக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா சார். அதான் மொத்தமா மாத்திட்டேன்," என்றார்.

நான் தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன். அறுபத்திரண்டு வயதில் அவ்வளவு நன்றாக வெட்கப்பட வரும் என்று எனக்கே தெரியாது.