மாமாவின் விமானமும் இரண்டு சுவிட்சுகளும்

மணப்பாறைச் சந்தைக்குக் கன்றுக்குட்டி வாங்கப் போன என் மாமா, லாரியில் ஒரு விமானத்தோடு திரும்பி வந்தார். வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். நடுவில் மூன்று வாரம் ஓடியதையும், விமானத்தை வாங்கியது மாமா இல்லை, எங்கள் மாதா கோயிலை ஒட்டியிருந்த கல்லூரி என்பதையும் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதால் விட்டுவிடுவேன். வேறொன்றையும் விட்டுவிடுவது வழக்கம். அதை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டுப் பாதியிலேயே வந்தவர். புத்தூரில் பம்ப்செட் ரிப்பேர் வேலை, பொன்மலையில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னறையில் வாசம். சந்தைக்குப் போன அன்று, பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் கொல்லையில் இறக்கை கழற்றிய ஒரு பயிற்சி விமானம் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். வாலில் இருந்த நம்பரைப் படித்தவர், சந்தைக்குள் நுழையாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

“கன்னுக்குட்டி எங்கண்ணே?” என்றாள் அம்மா.

“அந்த வண்டி அங்கதாம்மா கெடக்கு” என்றார் மாமா.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கன்றுக்குட்டிப் பேச்சே எழவில்லை.

‘அந்த வண்டி’ என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் சுவர் மெலிசு, என் காது கூர்மை. அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் அம்மா அவரிடம் அழுதுகொண்டே சொன்னதைச் சுவரோடு ஒட்டி நின்று முழுசாகக் கேட்டேன்.

விமானத்தின் மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்றுவதற்கு ஒரு முறை உண்டாம். விசிறிக்கு முன்னால் நிற்கிறவர் ‘சுவிட்ச் ஆஃப்?’ என்று உரக்கக் கேட்பார். சீட்டில் இருக்கிறவர் சுவிட்சைக் கண்ணால் பார்த்துவிட்டு ‘சுவிட்ச் ஆஃப்’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் விசிறியைத் தொடக் கூடாது. சுவிட்ச் ஆனில் இருந்தால், லேசாகத் திருப்பினாலே எஞ்சின் ஓர் உதை உதைக்கும். எதிரே நிற்கிறவர் கதி அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இதே விமானத்தின் சீட்டில் மாமா இருந்தார். விசிறிக்கு முன்னால் அவருடைய உயிர்ச் சிநேகிதர், லால்குடிக்காரர். அவர் கேட்டார். மாமா பார்க்காமலே ‘ஆஃப்’ என்றார்.

லால்குடிக்கு உடலைக் கொண்டுபோய் ஒப்படைத்தது மாமாதான். அதோடு விமானப்படையை விட்டார். கோயிலுக்கு வருவதையும் விட்டார்.

இப்படிப்பட்ட விமானத்தைப் பார்த்தால் மனிதன் ஓட வேண்டும். மாமா ஓடவில்லை. கல்லூரி பிரின்சிபாலாக இருந்த ஃபாதரிடம் நாலு நாள் நடையாய் நடந்து, அதை மீட்டுக் கல்லூரியிலேயே வைக்கச் சம்மதிக்க வைத்தார். ஃபாதர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஈஸ்டர் முடிந்ததும் விமானப்படை அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார்; எஞ்சின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் விமானம் பழைய இரும்புக்கே திரும்பிப் போகும். மாமா தலையாட்டினார்.

கல்லூரி மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து துருவைச் சுரண்டினார், கிழிந்த துணியைத் தைத்தார், தகட்டைத் தட்டி நிமிர்த்தினார். எல்லாம் சரியாகப் போயிற்று, விசிறியிடம் வரும்வரை. எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற வேண்டுமென்றால் விசிறியை நாலு சுற்றாவது கையால் சுற்ற வேண்டும். மாமா முன்னால் போய் நிற்பார். காலி சீட்டைப் பார்த்து ‘சுவிட்ச் ஆஃப்?’ என்று கேட்பார். தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார். ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும் பிசிக்ஸ் வாத்தியார் ஒருவர் இதைப் பார்த்துப் பொறுக்காமல், “அடியேன் வேணா சீட்ல உட்கார்ந்துண்டு பதில் சொல்றேனே, உங்களுக்கென்ன?” என்று ஏணியில் கால் வைத்தார். மாமா அவர் வேஷ்டியைப் பிடித்தே கீழே இழுத்துவிட்டார். அந்தச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. சீட்டிலிருந்து பதில் வராமல் யாரும் விசிறியைத் தொடவும் கூடாது.

“அப்ப யாருதான் பதில் சொல்றது?” என்றார் வாத்தியார், வேஷ்டியை இறுக்கிக்கொண்டே.

மாமா காலி சீட்டையே பார்த்தார். வாத்தியாரும் அதை ஒருமுறை பார்த்தார், “ரங்கா!” என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டில் அப்பா, “மச்சானுக்கு மேலேருந்து உத்தரவு வரணும் போலிருக்கு” என்று கிண்டலடித்தார். அம்மா முறைத்தாள். எனக்கு அப்போது வயது பத்து. தெருவில் கோமாளி என்று பெயர் வாங்கியிருந்தேன், வாத்தியார்கள் மாதிரி பேசிக்காட்டுவது என் தொழில். மேலேயிருந்து உத்தரவு வராவிட்டால் என்ன, நாமே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா விசிறியைச் சுற்றிவிடுவார், விமானம் பிழைத்துவிடும். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு நான் செய்த காரியங்களின் பட்டியலைப் போலீஸ் வைத்திருந்தால் இன்றைக்கு வெளியே இருந்திருக்க மாட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மத்தியானம் மூன்று மணி வழிபாட்டுக்கு ஊரே கோயிலில் இருக்கும், மாமா மட்டும் கொட்டகைக்கு வருவார். சிலுவைப் பாடுகளின் வாசகம் நீளமானது. பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் முகத்தைக் கோணினேன். அம்மா கையால் போ என்றாள்.

வெளியே வந்தால் வெயிலைத் தவிர யாருமில்லை. அன்றைக்குக் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு லீவு, ஷிப்டுச் சங்கும் கிடையாது. மணியும் சங்கும் இல்லாத பொன்மலையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் விமானம் மூக்கை மட்டும் வெளியே விட்டுத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஏணியில் ஏறி, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, முன்சீட்டில் இறங்கினேன். உள்ளே பெட்ரோல் வாசனை, சூடு, பச்சை இருட்டு. ஒரு கிழிசல் வழியாகக் காசு அளவுக்கு வெயில் வந்தது. காலடியில் இரும்பு மிதிகள். அவற்றைத் தொடாமல் முழங்காலை மடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் சீட்டுக் கிறீச்சிட்டது. களைத்துப்போன ஆள் பஸ்ஸில் உட்காரும்போது வருமே, அந்த மாதிரி கிறீச். எலி என்று முடிவு செய்தேன். நல்ல எடையுள்ள எலி. திரும்பிப் பார்க்கலாம்தான், ஆனால் என் கழுத்துக்கு அன்று அந்த யோசனை பிடிக்கவில்லை.

மாமாவின் காலடி கேட்டது. வந்தார், நின்றார், தொண்டையைக் கனைத்தார்.

“சுவிட்ச் ஆஃப்?”

எங்கள் ஹெட்மாஸ்டர் குரலை எடுத்து, “சுவிட்ச் ஆஃப்!” என்றேன்.

சிரிப்பு வரும், அல்லது ‘எவன்டா அது’ என்று அதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு பணிந்த குரலில் மாமா கேட்டார்:

“பார்த்துச் சொன்னியா?”

பார்க்கவில்லை! அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தை முன்னால் நீட்டித் தேடினேன். கிழிசல் வெயில் சரியாக அங்கேதான் விழுந்திருந்தது: பித்தளையில் இரண்டு குமிழ் சுவிட்ச், இரண்டும் கீழ்நோக்கி. எங்கள் வீட்டில் சுவிட்சைக் கீழே தட்டினால் லைட் எரியும், மேலே தட்டினால் அணையும். அப்படியென்றால் இரண்டும் ஆனில் இருக்கின்றன. என் மாமாவை நான் கொல்லப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வீரம் என்று சொல்ல முடியாது. அருள்நிறை மந்திரத்தையும் ஏழாம் வாய்ப்பாட்டையும் கலந்து முணுமுணுத்தேன். எப்படியோ இரண்டு சுவிட்சையும் மேலே தள்ளினேன். டக், டக்.

“பார்த்துட்டேன். ஆஃப்.” ஹெட்மாஸ்டர் போய்விட்டார், ஆட்டுக்குட்டிதான் பேசியது.

மாமா ஓரடி முன்னால் வந்தார். விசிறியில் அவர் கை படிந்ததை விமானத்தின் உடம்பில் உணர்ந்தேன்.

அப்போது என் பிடரிக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில், யாரோ சொன்னார்கள்:

“சுவிட்ச் ஆன்.”

அதட்டலில்லை, அவசரமில்லை. ‘தம்பி, டிக்கெட் கீழ விழுந்துடுச்சு பாரு’ என்று பஸ்ஸில் சொல்வார்களே, அப்படி ஒரு சாதாரணக் குரல்.

மாமா பின்னால் தாவிய சத்தம் கேட்டது. நான் விமானப்படையின் முன்னாள் சொத்து ஒன்றை, உட்கார்ந்த இடத்திலேயே, நனைத்தேன்.

தார்ப்பாய் விலகியது. மாமாவின் முகம் முதலில் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகப் பின்சீட்டைப் பார்த்தது. பிறகு சுவிட்சுகளை. பிறகுதான் என்னை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கிக் கொட்டகை வாசலில் நிறுத்தினார். சுவிட்சைத் தொடவில்லை. மூலையிலிருந்த நீள மூங்கிலை எடுத்து, தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அதன் நுனியால் விசிறியைத் தள்ளினார்.

படார்!

சிலிண்டர்களைக் கழுவ அந்த வாரம் பெட்ரோல் ஊற்றியிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. விசிறி ஒரே ஒரு தடவை சுழன்றது. மூங்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தகரக் கூரையில் குத்தி நின்றது. நீலப் புகை மெதுவாக வெளியே போயிற்று. கோயிலுக்குள் பாதிப் பேர் தானாக முழங்காலில் விழுந்தார்கள் என்று பின்னால் அம்மா சொன்னாள்.

மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஆஃப்னு சொன்னது நீ. அது எனக்குத் தெரியும். கடைசியா ஆன்னு சொன்னது யாருடா?”

பத்து வயசு மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. ‘நான்’ என்றால் கடைசி நேரத்தில் உண்மை சொன்ன நல்ல பிள்ளை. ‘நான் இல்லை’ என்றால் எனக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தது என்று யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனையோடு அந்த வாசலில் என்னால் நிற்க முடியாது.

“நான்தான் மாமா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா. அவசரமில்ல.”

“சத்தியமா நான்தான்.”

என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ம்” என்றார். “சரி.”

எழுந்து போய், சுவிட்சுகளைத் தானே ஆஃப் செய்துவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை, காத்திருக்கவில்லை. விசிறியைப் பிடித்து நாலு சுற்று சுற்றினார், பம்ப்செட்டைச் சுற்றுகிற மாதிரி. அதற்குப் பிறகு அவர் அந்தக் காலி சீட்டிடம் எதையும் கேட்டதேயில்லை. அதிகாரி வந்தார், பார்த்தார், திருப்தியாகப் போனார். விமானம் பிழைத்தது. இன்றும் அந்தக் கல்லூரி வாசலில் பீடத்தின் மேல் வெள்ளி நிறத்தில் நிற்கிறது. பசங்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள்.

“மச்சானை என் பையன்தான் தெளிய வெச்சான்” என்று அப்பா ஈஸ்டர் பிரியாணியை எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே சொன்னார். நான் இரண்டு கால் எலும்பு வாங்கிக்கொண்டேன். மாமாவும் சிரித்தார். கோயிலுக்கு மட்டும் அவர் வரவில்லை. கடைசிவரை வரவில்லை.

நாளடைவில் அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன் என்று நானே நம்பிவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் விமானத்துக்குப் புது வர்ணம் அடித்தார்கள். பழைய ஊர்க்காரன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். தொப்பையை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறி முன்சீட்டை எட்டிப் பார்த்தேன். மாணவர்கள் பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். சுவிட்சுகளுக்கு மேலே ஆன், கீழே ஆஃப் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வீட்டுக்கு நேர் எதிர். ஆஃப் செய்கிறேன் என்று நினைத்துத்தான் அன்று நான் அவற்றை ஆன் செய்திருக்கிறேன். ஆஃபில் இருப்பதாகச் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தவன் வாயில் எப்படி ‘ஆன்’ என்ற வார்த்தை வரும்?

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரன் இறங்குகிற முறை அது இல்லை.

மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று புத்தூருக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அவர் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பம்ப்செட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். நாலாவது தடவை போனபோது காபி போட அவர் இல்லை.

‘நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா’ என்று என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் கெஞ்சியது. அடிக்கப் போகிறவரின் முகம் அப்படி இருக்காது என்பதுகூட எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு லால்குடிக்காரரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வராதா என்று இருபது வருஷம் காத்திருந்தவர், அது வந்ததைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, ‘நான் இல்லை மாமா’ என்று நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் ‘நான்தான்’ என்றேன். அடி விழாமல் தப்பித்த சந்தோஷத்தில், கொஞ்சம் பெருமையாகக்கூட.